ராத்திரிப் படை வருது, எதைக் கட்டலாம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் த்ரோன்ஃபால் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். பகலில் வீடு, கோபுரம், மதில் எல்லாம் கட்ட வேண்டும், ராத்திரியானால் எதிரிப் படை அலை அலையாக வரும், அது முடிகிறவரை நடுவில் இருக்கிற கோட்டை விழாமல் நிற்க வேண்டும். குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற ராஜாவோ ராணியோ, அதுதான் நீங்கள். கிரிஸ்லி கேம்ஸ் என்ற ஜெர்மன் சின்னக் குழு செய்தது, 2023-இல் பாதி வெந்த நிலையில் விற்பனைக்கு வந்து 2024-இல் முழுசானது. இதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழில் சேலத்துக்காரர்கள், மலைக்காரர்கள் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்ற ஊர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறையைச் சாத்திவிட்டு வந்தால் மகனுடைய லேப்டாப்பில் த்ரோன்ஃபால்தான். ஆரம்ப இரவுகள் சுலபமாகப் போகின்றன. காசு வந்த உடனே கோபுரம்தான் கட்டுகிறேன், ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை. ஆனாலும் பின்னால் வருகிற இரவுகளில் கோட்டை விழுந்துவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, "காசு வந்த உடனே கோபுரம்தான்" என்கிற இடத்தில். கோபுரம் சம்பாதிக்காது. காலையில் காசு தருவது வீடும், வயலோடு சேர்ந்த காற்றாலையும்தான். ஒரு பேச்சுக்கு, மூன்று காசு போட்டுக் கட்டிய வீடு விடிந்தால் ஒரு காசு தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது விடியலில் போட்ட முதல் திரும்பிவிடும், நாலாவதிலிருந்து வருவதெல்லாம் லாபம். அதே வீட்டை ஆட்டம் முடிய இரண்டு இரவு இருக்கும்போது கட்டினால் முதலே தேறாது. அதனால் முதல் சில பகல்களில் வீடும் காற்றாலையும் கட்டிவிட்டு, பாதுகாப்புக்குக் கையில் இருக்கிற கொஞ்சத்தில் ஏதாவது ஒன்றை நிறுத்தி, மிச்ச வேலையை ராஜாவே குதிரையில் ஓடி ஓடிச் செய்ய வேண்டும். ஆரம்ப இரவுகளில் வருகிற படை பொடிப்படைதான், தாங்கும். நடு ஆட்டத்தில் கோபுரத்துக்குத் திரும்புங்கள். கடைசி இரண்டு மூன்று பகலில் வீடு கட்டாதீர்கள், இருக்கிற காசு அத்தனையும் சண்டைக்குப் போகட்டும்.

இன்னொரு விஷயம். ராத்திரி இடிந்த கட்டடம் காலையில் தானாகவே எழுந்து நிற்கும் என்பதால் பலர் ஓரத்து வீடுகளைக் கண்டுகொள்வதில்லை. எழுந்து நிற்கும், சரி, ஆனால் இடிந்துபோன வீடு அந்தக் காலையில் காசு தராது. ஓரத்தில் நாலு வீடு போனால் அடுத்த பகலில் கை காலியாக நிற்பீர்கள், அந்த ஓட்டையை அடைக்கவே அதற்கடுத்த பகல் போய்விடும், அப்புறம் கோட்டை விழுவது வெறும் சடங்குதான். நடுக்கோட்டையைச் சுற்றி மட்டும் கோபுரம் கட்டுகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது.

அப்புறம், இருட்டுவதற்கு முன்னால் எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரப்போகிறது என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள் இல்லையா, அதைப் பாருங்கள். பறக்கிறது வருகிற ராத்திரியில் மதிலுக்குக் காசு போட்டு என்ன பயன்? எங்கெங்கே கட்டலாம் என்று இடத்தை விளையாட்டே குறித்துக் கொடுத்துவிடுகிறது. எந்த இடத்துக்கு முதலில் காசு போடுவது என்பது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதைவிட, படை வருகிற வழியில் இருக்கிற இரண்டு கோபுரத்தை மேலும் மேலும் பலப்படுத்துவதே மேல்.

கேள்வி: எந்தக் கோபுரம் சிறந்தது? ஒரே வார்த்தையில் சொல்லவும். (அம்மாப்பேட்டை வாசகர்)

பதில்: வழியோரத்தது.

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை. மழைக்காலத்தில் பனி இறங்கிவிட்டால் சாயங்காலம் வெளியே போக முடியாது, சிக்னலும் போய்விடும், கரண்டும் போய்விடும். கம்ப்யூட்டர் கிடையாது, போன்தான். நெட் இல்லாமல் ஓடுகிற மாதிரி கோட்டை காக்கிற விளையாட்டு ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: கிங்டம் ரஷ். உருகுவே நாட்டு அயர்ன்ஹைட் என்ற நிறுவனம் 2011-இல் கொண்டுவந்தது, இன்றைக்கும் அதற்கு மேலே எளிமையாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கீழே டவுனுக்கு இறங்கும்போது டவுன்லோடு செய்துகொண்டு, ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, ஏரோபிளேன் மோடில் போட்டும் திறக்கிறதா என்று அங்கேயே சோதித்துக்கொள்ளுங்கள். மலை ஏறின பிறகு ஓடவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது.

இதில் ராஜா குதிரை எல்லாம் இல்லை. ஒரு பாதை இருக்கும், அதில் எதிரிகள் நடந்து வருவார்கள், பாதை ஓரத்தில் குறித்த இடங்களில் நீங்கள் கோபுரம் வைக்க வேண்டும். நாலே வகை: வில்லாளி, வீரர் முகாம், மந்திரவாதி, குண்டு எறிகிற பீரங்கி. 20 உயிர் கொடுப்பார்கள், பாதையின் கடைசி வரை போகிற எதிரிகள் அதைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

எங்கே வைப்பது என்பதை உங்களுக்குச் சொல்லித்தருவது சுலபம், ஏனென்றால் நீங்கள் தினம் பார்க்கிற சாலைதான் அது. சேலத்திலிருந்து ஏறுகிற மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒரு வளைவின் உள்பக்கம் நின்றுகொண்டால், வருகிற பஸ் முதலில் உங்களுக்குக் கீழே போகும், திரும்பி மறுபடியும் உங்களுக்கு மேலே போகும். ஒரே ஆள் நின்ற இடத்திலிருந்து ஒரே பஸ்ஸை இரண்டு தடவை பார்க்கலாம். வில்லாளிக் கோபுரத்தை அங்கேதான் வைக்க வேண்டும், ஒரு கோபுரத்தின் காசுக்கு இரண்டு கோபுரத்தின் வேலை. நேர்ச்சாலையில் வைத்தால் எதிரி ஒரு தடவை கடந்து போனதோடு சரி. வீரர் முகாமை வளைவுக்குப் பக்கத்திலேயே போட்டு, மூன்று வீரர்களும் திருப்பத்திலேயே நின்று மறிக்கும்படி அவர்களுடைய கொடியை நகர்த்திவிடுங்கள். முகாமைத் தட்டினால் கொடியை நகர்த்தலாம் என்பது தெரியாமலே பலர் பாதி ஆட்டத்தை முடித்துவிடுகிறார்கள். வீரர்கள் எதிரியைக் கொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், பிடித்து நிறுத்தினால் போதும், அம்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கவசம் போட்டவன் மேல் அம்பு அவ்வளவாக ஏறாது, அவனுக்கு மந்திரவாதி வேண்டும். பீரங்கி கும்பலுக்கு நல்லது, ஆனால் பறக்கிறதை அடிக்காது. முகாம் வீரர்களும் பறக்கிறதைத் தடுக்க முடியாது. இது தெரியாமல் முழுக்கப் பீரங்கியாக வைத்துவிட்டு, தலைக்கு மேலே பறந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் நிறைய. கரண்டு இல்லாத நாளில் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து விளையாடுங்கள், அவசரத்துக்கு ஒரு போன் பேசச் சார்ஜ் மிச்சமிருக்க வேண்டும் அல்லவா.

கேள்வி: ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறோம். பையன் எட்டாவது படிக்கிறான். சண்டை விளையாட்டு என்றால் எனக்குப் பயம். அதைவிடப் பெரிய பிரச்சினை, சாப்பிடக் கூப்பிட்டால் "இரும்மா, இரும்மா" என்றே ஒரு மணி நேரம் போகிறது. நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்த வேண்டாம் என்பது என் கட்சி. த்ரோன்ஃபாலைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால் அதில் ரத்தம் கிடையாது, பொம்மை மாதிரிச் சின்னச் சின்ன உருவங்கள், விழுந்தால் மறைந்துவிடும். கணக்குப் போட வைக்கிற விளையாட்டு அது, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வகை இல்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நடு அலையில் கூப்பிடுகிறீர்கள். அந்த நேரத்தில் பெரியவர்களே எழுந்து வர மாட்டார்கள். ஆனால் இந்த வகையில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு ராத்திரி முடிந்தால் பகல் வரும், அடுத்த ராத்திரி பொத்தானை அழுத்தினால்தான் தொடங்கும். பகலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாம், யாரும் வந்து கோட்டையை இடிக்க மாட்டார்கள். அதனால் "உடனே வா" என்று சொல்லாமல் "இந்த ராத்திரி முடிஞ்சதும் வந்துடு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு ராத்திரி சில நிமிடம்தான். அதற்கப்புறமும் அடுத்த ராத்திரியைத் தொடங்கினான் என்றால் அது விளையாட்டின் தப்பு இல்லை, அவனோடு நீங்கள் பேசித் தீர்க்க வேண்டியது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து எந்த வீட்டை முதலில் கட்டலாம் என்று நீங்களும் சொல்லிப் பாருங்கள். குடும்ப பட்ஜெட் போடுகிறவர்கள் இதை நன்றாக விளையாடுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: சங்ககிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். பேரன் விளையாடுவதைப் பார்த்தேன். உண்மையில் கோட்டைச் சண்டை இப்படியா நடந்தது? மதில் மேலிருந்து கொதிக்கிற எண்ணெய் ஊற்றுவது எல்லாம் கதைதானே?

பதில்: ஐயா, நீங்கள் கேட்டதும் நாலு புத்தகத்தைப் புரட்ட வேண்டியதாகிவிட்டது. விளையாட்டில் பெரிய பொய் என்று எனக்குப் படுவது வேகம்தான். தினம் ராத்திரி ஒரு படை ஓடிவந்து மதிலில் முட்டுவது அபூர்வம். முற்றுகை என்றால் பெரும்பாலும் காத்திருப்பு, உள்ளே தானியமும் தண்ணீரும் தீரும்வரை வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பது. அதை அப்படியே விளையாட்டாக எடுத்தால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள்.

எண்ணெய் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஐரோப்பாவில் எண்ணெய் விலை உயர்ந்த சரக்கு, வெந்நீர், காய்ச்சிய மணல், சுண்ணாம்பு, வெறும் கல் இவைதான் அதிகம் விழுந்திருக்கும். ஆனால் நம் பக்கம் சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலில் இருந்த பொறிகளை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிற இடத்தில் கல்லுமிழ் கவணுக்கு அடுத்தபடியே வெந்நெய் வருகிறது, காய்பொன் உலை வருகிறது, கல்லிடு கூடை வருகிறது. காவியத்தில் இருப்பதால் அப்படியே நடந்தது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கோட்டை என்றதும் இதெல்லாம் கவிஞர் மனதில் வந்திருக்கிறது. பேரனுக்கு அந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள், இந்த விளையாட்டுகளில் இருப்பதைவிட அதில் ஆயுதம் அதிகம்.

விளையாட்டில் வராத இன்னொன்று, மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது. 1215-இல் இங்கிலாந்தின் ஜான் மன்னன் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டபோது, மூலைக் கோபுரத்துக்கு அடியில் தோண்டி, மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்து, பிறகு அந்தக் கட்டைகளைக் கொளுத்தக் கொழுத்த பன்றிகள் 40 அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டான். பன்றிக் கொழுப்பில் பற்றிய தீயில் முட்டு எரிந்து, மேலே இருந்த மூலை சரிந்தது. பிற்பாடு அந்த மூலையை மட்டும் வட்டமாகக் கட்டினார்கள், மற்றவை சதுரமாகவே இருக்கின்றன, இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம். கீழே பாறையாக இருக்கிற மலைக்கோட்டையில் இந்த வேலை நடக்காது.

உங்கள் ஊர் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவன் ஒரு வாசலைத் தாண்டினால் அடுத்த வாசல், அதைத் தாண்டினால் இன்னொன்று, நடுவில் செங்குத்தான படி. மேலே நிற்கிறவனுக்கு ஆள் குறைவாக இருந்தாலும் போதும். விளையாட்டில் ஒரே மதிலை மொத்தமாகக் கட்டுவதைவிட ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்பு வைப்பது ஏன் நல்லது என்று பேரன் கேட்டால் அந்தப் படிக்கட்டில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தீரன் சின்னமலையை 1805-இல் அங்கேதான் தூக்கிலிட்டார்கள் என்பதைப் பேரனுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள்.

கேள்வி: ஓமலூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறேன். அலை அலையாக வருகிற எதிரி, நடுவில் கட்டுவதற்கு இடைவெளி, இதை முதலில் யார் யோசித்தது?

பதில்: தம்பி, "முதலில்" என்று கேட்டால் சண்டை வரும். எதிரி வரிசை வரிசையாக இறங்குவதை உலகத்துக்குப் பழக்கியது 1978-இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். அதில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமாக வரும். அது திட்டம் போட்டுச் செய்தது இல்லை, திரையில் உருவங்கள் குறைந்ததும் அந்தக் காலத்துச் சிப்புக்குச் சுமை இறங்கி வேகம் கூடிவிட்டது, நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இன்ஜினியரிங் படிக்கிறவருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கோட்டை, மதில், சண்டைக்கு நடுவில் பழுது பார்க்கும் நேரம், இது மூன்றும் சேர்ந்தது அட்டாரி கேம்ஸ் 1990-இல் கொண்டுவந்த ராம்பார்ட்டில். கப்பல்கள் சுட்டு மதிலை உடைக்கும், சண்டை நின்றதும் குறித்த நேரத்துக்குள் துண்டு துண்டாகச் சேர்த்து ஓட்டையை அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் தோல்வி. த்ரோன்ஃபாலின் பகல் ராத்திரிக்கு அதுதான் தாத்தா என்பேன். அப்புறம் 2002-இல் வார்கிராஃப்ட் 3 வந்தபோது அதோடு வரைபடம் செய்கிற கருவியும் கொடுத்தார்கள், விளையாடுகிறவர்களே கோபுரம் வைக்கிற ஆட்டங்களைச் செய்து தள்ளினார்கள். 2007-இல் டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ் மாதிரி, ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்த விளையாட்டுகள் வந்து, இன்ஸ்டால் செய்யாமலே ப்ரௌசரில் ஓடியதால் ஆபீஸ், ப்ரௌசிங் சென்டர் என்று எல்லா இடத்திலும் பரவியது. 2020 கடைசியோடு அடோபி ஃபிளாஷை நிறுத்திவிட்டது, அதற்கென்றே எழுதிய மென்பொருள் வழியாகப் பழைய ஆட்டங்கள் பலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், தேடினால் விளையாடலாம்.

கேள்வி: ஆத்தூரிலிருந்து எழுதுகிறேன். இலவசம் என்று ஒரு கோட்டை விளையாட்டைப் போனில் போட்டேன். ஒவ்வொரு அலைக்கும் நடுவில் ஒரு விளம்பரம். கொஞ்ச தூரம் போனதும் ரத்தினக்கல் வாங்கினால்தான் ஜெயிக்க முடிகிறது. என் பெண் எனக்குத் தெரியாமல் இரண்டு தடவை வாங்கிவிட்டாள். காசு திரும்பக் கிடைக்குமா?

பதில்: கூகுள் பிளே வழியாக வாங்கியது என்றால், வாங்கி 48 மணி நேரத்துக்குள் அங்கேயே பணம் திரும்பக் கேட்கலாம். அதைத் தாண்டிவிட்டால் விளையாட்டுக்காரர்களுக்கே நேராக எழுத வேண்டும், கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். இனிமேல் நடக்காமல் இருக்க, பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி வைத்துவிடுங்கள். கைரேகையில் உங்கள் பெண்ணின் விரலும் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

விளையாட்டு கடினமாக இருப்பது வேறு, கடினமாக்கி விற்பது வேறு. நீங்கள் எவ்வளவு யோசித்துக் கட்டினாலும் ஒரு கட்டத்தில் அலை கட்டாயம் ஜெயிக்கும், பக்கத்திலேயே கடைப் பொத்தான் மின்னும் என்றால், அங்கே உங்கள் மூளைக்கு வேலை இல்லை என்று அர்த்தம். அதனால்தான் ஒரு தடவை காசு கொடுத்து வாங்குகிற விளையாட்டையே நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கிப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டரில் ஸ்டீம் கடையில் வாங்கினால், 14 நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு விளையாட்டு நமக்கு ஒத்துவருமா என்று தெரிய இரண்டு மணி நேரம் தாராளம்.

கேள்வி: கிங்டம் ரஷ்ஷில் அடுத்த அலையை முன்கூட்டியே கூப்பிடுகிற பொத்தான் எதற்கு? வேலியில் போகிற ஓணானை எடுத்து விட்டுக்கொள்கிற மாதிரி இருக்கிறதே! (கொண்டலாம்பட்டி வாசகி)

பதில்: ஓணான்தான், ஆனால் காசு தருகிற ஓணான். முன்னாலேயே கூப்பிட்டால் எவ்வளவு நேரம் மிச்சம் இருந்ததோ அதற்கேற்பத் தங்கம் கிடைக்கும், தீ மழை மாதிரிச் சிறப்பு ஆயுதங்களும் சீக்கிரம் தயாராகும். முதல் இரண்டு மூன்று அலை பொடிப்பயல்கள்தான், அப்போது தைரியமாகக் கூப்பிடுங்கள், அந்தத் தங்கம் சீக்கிரமே ஒரு கோபுரமாக நிற்கும். கவசக்காரர்கள் வர ஆரம்பித்த பிறகு வேண்டாம். இரண்டு உயிருக்கு மேல் போகாமல் முடித்தால்தான் மூன்று நட்சத்திரம், அவசரப்பட்டால் அது போய்விடும்.

கேள்வி: த்ரோன்ஃபாலில் ராஜா கோட்டை வாசலில் நிற்பது நல்லதா, முன்னால் போய்ச் சண்டை போடுவது நல்லதா? செத்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. (மேட்டூர் வாசகர்)

பதில்: முடியாது. ராஜா விழுந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்து வந்துவிடுவார், கோட்டை விழுந்தால்தான் தோல்வி. அதனால் வாசலில் நிற்காதீர்கள், கோபுரம் இல்லாத பக்கம் எதுவோ அங்கே போய் நில்லுங்கள், பக்கத்தில் வந்தவனை அவரே அடிப்பார், நீங்கள் குதிரையை ஓட்டினால் போதும். உங்கள் வீரர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், கட்டின முகாமுக்கு எதிரிலேயே அவர்களை விட்டுவைக்காதீர்கள். வில்லை எடுத்திருந்தால் தள்ளி நின்று வட்டமடித்துக்கொண்டே இருங்கள். பொழுது விடிகிற நேரத்தில் கடைசியாக இரண்டு பேர் ஓரத்துக் காற்றாலையை உடைத்துக்கொண்டிருப்பார்கள், நாம் நடுவில் நின்று ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். முதலில் அங்கே ஓடுங்கள்.